ஜக்ளிங் பந்து: மூன்று செட் வாங்கி, நாலாவதைத் தைத்துக்கொண்ட அனுபவம்

போன வாரம் தையற்கடைக்கு என் பந்துகளை வாங்கப் போனேன். டெய்லர் அண்ணாச்சி ஐந்தையும் மேசை மேல் வரிசையாக வைத்துவிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க. இது ஒத்தடம் குடுக்கவா?" என்று கேட்டார். உள்ளே கம்பு, வெளியே கார்டுராய்த் துணி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"இல்ல அண்ணாச்சி, மேல போட்டுப் பிடிக்க."

"அதுக்குன்னு கடையில விக்காதா?"

விற்கிறது. மூன்று வகை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன். அந்த மூன்றையும் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. நம் ஊரில் இருந்துகொண்டு இதை வாங்க நினைப்பவர்கள் இருந்தால் கொஞ்சம் காசு மிச்சமாகும்.

முதலில் என் தகுதி. வயது 44. பாளையங்கோட்டையில் வாடகை வீடு. மூன்று பந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரும். நாலு வரும். ஐந்தில் இதுவரை அதிகபட்சம் தவறவிடாமல் தொடர்ந்து 31 பிடி, அதுவும் ஒரே ஒரு நாள், சாட்சிக்கு ஆள் இல்லை. ஆனால் பார்ப்பதில் நான் பெரிய ஆள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைச் சத்தத்தை அணைத்து, கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன். பந்து உச்சிக்குப் போகும் இடத்தில் திரையில் விரலை வைத்துக்கொள்வேன். அடுத்த பந்தும் விரல் நுனிக்கே வருகிறதா, ஓர் இழை தள்ளிப் போகிறதா? யார் கெட்டிக்காரர் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே தராசு அதுதான். பிடிப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். வித்தையெல்லாம் எறிவதில் இருக்கிறது.

இந்த ஞானம் முதல் செட்டை வாங்கி ஏமாந்த பிறகு வந்தது.

முதல் செட் ஆன்லைனில் வாங்கிய பீன்பேக், அதாவது உள்ளே மணி நிரப்பித் தைத்த பந்து. மூன்று பந்து, 649 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். வண்ணப் பெட்டி, உள்ளே ஒரு வலைப்பை, ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுப் பாடம். பத்து நாள் போட்டும் பந்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இருந்தன. என் கைதான் கோணல் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் சந்தேகம் வந்து, பலசரக்குக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். 104 கிராம், 118 கிராம், 131 கிராம். கடைக்காரர், "என்ன சார், மூணும் மூணு விலையா?" என்றார்.

எடை வித்தியாசம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே வேகத்தில் கையை விட்டுக் கிளம்பினால் கனமான பந்தும் லேசான பந்தும் ஒரே உயரத்துக்குத்தான் போகும், அது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் கை வேகத்தை அளந்து கொடுப்பதில்லை, பலத்தை அளந்து கொடுக்கிறது. ஒரே பலத்தைக் கொடுத்தால் 104 கிராம் கொஞ்சம் கூடுதலாக எழும்பும், 131 கிராம் சோம்பேறியாகத் திரும்பும். ஒவ்வொரு எறிக்கும் கை புதிதாகக் கணக்குப் போட வேண்டும். புதிதாகக் கற்பவனுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. மூன்றாம் மாதம் தையல் பிரிந்து உள்ளே இருந்த பிளாஸ்டிக் மணிகள் வீடு முழுக்க ஓடின. இன்னமும் சோபாவை நகர்த்தினால் நாலு கிடைக்கிறது. இந்த வகைக்குப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போடுவேன், அதுவும் அந்த வலைப்பைக்காக. அதில் இப்போது பூண்டு தொங்குகிறது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தகவல் கோட்பாட்டுக்காக அறியப்பட்ட கிளாட் ஷானன், பெல் ஆய்வகத்தின் வராந்தாவில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் போய்க்கொண்டே ஜக்ளிங் செய்தவர். பந்து காற்றில் இருக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை காலியாக இருக்கும் நேரம் மூன்றையும் பந்துகளின் எண்ணிக்கையோடு ஒரு சின்னச் சமன்பாட்டில் கட்டிப்போட்டார். அதில் என் கையைப் பொருத்திப் பார்த்தேன். ஒரு கை அரை நொடிக்கு ஒரு முறை எறிகிறது, அதில் 0.3 நொடி பந்து கையில் தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று பந்துக்குக் கையிலிருந்து 25 செ.மீ. உயரம் போதும். ஐந்துக்கு 1.1 மீட்டர். ஏழுக்கு 2.6. ஒன்பதுக்கு 4.7. இனி ஒவ்வோர் எறியும் ஒரே ஒரு டிகிரி சாய்ந்து போகிறது என்று வையுங்கள். மூன்று பந்தில் அது விழும் இடம் இரண்டு செ.மீ. கூடத் தள்ளிப் போகாது. ஐந்தில் எட்டு செ.மீ. ஒன்பதில் ஓர் அடிக்கு மேல். பெரிய ஆட்டக்காரர்கள் கையை இன்னும் வேகமாக ஓட்டி உயரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள், சரி. ஆனால் அந்த ஒரு டிகிரி அவர்களையும் விடாது.

ஒன்பது பந்து என்பது மூன்று பந்தின் மூன்று மடங்கு என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

இரண்டாவது செட் மேடைப் பந்து. உள்ளே காற்று, வெளியே வழவழப்பான பிளாஸ்டிக், நல்ல உருண்டை. சென்னையில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. தராசில் வைத்தால் மூன்றும் ஒரு கிராம் வித்தியாசம்கூட இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். குறை என்னவென்றால் தவறினால் தவறியதுதான். பீன்பேக் விழுந்த இடத்தில் படுத்துக்கிடக்கும். இது துள்ளி, உருண்டு, நேராகப் பீரோவுக்கு அடியில் போய்த்தான் நிற்கும். குடைக் கம்பியை வைத்து எடுக்க வேண்டும். உள்ளங்கையிலிருந்துகூட எகிறிவிடும், விரல் மூடுவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. கற்கிறவனுக்கு இது வேண்டாம்.

ஆனால் இந்தப் பந்தைக் கையில் வைத்திருந்த ஆறு மாதத்தில்தான் என்ரிகோ ராஸ்டெல்லியின் அருமை எனக்குப் புரிந்தது. இத்தாலிய சர்க்கஸ் குடும்பம். 1896இல் ரஷ்யாவின் சமாராவில் பிறந்தவர். ஜப்பானிய முறையில் சிறிய பந்துகளும் குச்சிகளும் வைத்து ஆடத் தொடங்கி, பிறகு கால்பந்து அளவுள்ள பெரிய ரப்பர் பந்துகளுக்கு மாறினார். பத்துப் பந்து போட்டார் என்று சொல்வார்கள். இன்று பார்க்கக் கிடைப்பது சின்னச் சின்னப் படத்துண்டுகள்தான். அதில் எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படவில்லை. பந்து பெரிதானால் காற்றில் இடம் குறைகிறது, ஒன்றோடொன்று இடிக்கும். காற்றடைத்த ரப்பர் என்பதால் எங்கே பட்டாலும் எகிறும். அப்படிப்பட்டதைத் தலையில் தட்டி, தோளில் உருட்டி, வாயில் பிடித்த குச்சியில் நிறுத்துகிறார். அந்தப் பந்து எகிறாமல் அவர் உடம்பு அதற்கு மெத்தையாகிக் கொடுக்கிறது. 1931 டிசம்பரில், 35 வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பெர்காமோவில் இறந்துபோனார்.

அதே வழியில் போனவர் பிரான்சிஸ் புரூன். ஜெர்மானியர், 1948இல் ரிங்லிங் சர்க்கஸுக்காகத் தங்கை லோட்டியோடு அமெரிக்கா வந்தார். லோட்டியும் லேசுப்பட்டவர் அல்ல. பின்னால் தனியாக ஆடி, கைவேகத்துக்குப் பேர் வாங்கினார். புரூன் வயது ஏற ஏறப் பொருட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு பந்தில் போய் நின்றார். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ நடனக்காரர் மாதிரி உடை, நிமிர்ந்த முதுகு, விறைத்த கழுத்து. பந்து நெற்றியில் நிற்கிறது, முழங்கால் மேல் போகிறது, பின்னால் வருகிறது. உடம்பு முழுக்க வேகமாக ஓட, பந்து மட்டும் நிதானமாக இருக்கிறது. ஒரு பந்துதானே என்று என் மேடைப் பந்தை எடுத்து நெற்றியில் நிறுத்திப் பார்த்தேன். மூன்று நொடி. பிறகு சாமி படத்தின் கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி தப்பித்தது. என் மேல் இருந்த மரியாதை தப்பவில்லை.

எண்ணிக்கையை வைத்து ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தினால் புரூன் கடைசியில் நிற்பார். சுவிட்சர்லாந்தின் கிரிஸ் கிரேமோவும் அப்படித்தான்: மூன்று தொப்பி, மூன்று பந்து, மூன்று சுருட்டுப்பெட்டி. அப்பா பேலாவிடம் படித்த வித்தை. மூன்று பெட்டியையும் ஒரே சமயம் காற்றில் விட்டுவிட்டு, உடம்பைச் சுழற்றி வந்து, விழுவதற்குள் நடுப்பெட்டியை மற்ற இரண்டுக்கும் இடையில் நசுக்கிப் பிடிக்கிறார். பெட்டிக்கு உச்சியும் உண்டு, திருப்பமும் உண்டு. ஒரு விரல் அகலம் சாய்ந்தாலும் முனையில் பட்டுத் தெறித்துவிடும்.

மூன்றாவது செட்தான் ராஜா. ரஷ்யப் பந்து. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது ஐந்து கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வெறும் கூடு, ஒரு சின்ன அடைப்பான். மணலோ உப்போ நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். முழுக்க நிரப்பக் கூடாது, அடியில் மட்டும். சூட்சுமம் அங்கேதான். எறிந்ததும் உப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, பந்து தேவையில்லாமல் சுழல்வதை அடக்குகிறது. கையில் விழும்போது உப்பும் சேர்ந்து சரிந்து வேகத்தைத் தின்றுவிடுகிறது. 'தப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பந்து எகிறுவதில்லை. தரையில் விழுந்தாலும் ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி.

இதைப் போட்ட முதல் நாளே ஐந்து பந்தில் 14 பிடி வந்தது. அதுவரை 9 தாண்டியதில்லை.

சோவியத் ஆட்டக்காரர் செர்கே இக்னாதோவின் பழைய வீடியோக்களைப் பார்த்தால், எறியின் நிதானம் என்றால் என்னவென்று தெரியும். மாஸ்கோ சர்க்கஸில் 11 வளையம் போட்டவர். வளையத்தை ஏன் எடுத்தார் என்றால், தட்டையானது, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு. பதினொரு கோடுகள் காற்றில் இடிக்காமல் போக இடமிருக்கிறது, பதினொரு கால்பந்துக்கு இல்லை. ஆனால் அவரிடம் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை அல்ல. எவ்வளவு உயரமாக எறிந்தாலும் தோள் இறுகுவதில்லை. கோயில் திருவிழாவில் பூ வாரி இறைக்கிற மாதிரி எறிகிறார்.

இதற்கு நேர் எதிர் அந்தோனி கேட்டோ. 1973இல் பிறந்தவர், மேடைக்கலைஞரான நிக் கேட்டோதான் இவருக்கு வாத்தியார். சின்ன வயதிலேயே போட்டிகளில் இறங்கினார். 2000இல் மொனாக்கோவின் மான்டே கார்லோ சர்க்கஸ் விழாவில் தங்கக் கோமாளி விருது வாங்கினார். என் விரல் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே ஆள் இவர்தான். பந்து, வளையம், கிளப் என்கிற கைப்பிடி வைத்த நீளக் கட்டை, எதுவானாலும் உச்சி நகர்வதில்லை. முழங்கை விலாவை ஒட்டியே இருக்கிறது, பாதம் நகர்வதே அபூர்வம். கிளப்பில்தான் இவரை அளக்க வேண்டும். பந்துக்கு உயரமும் திசையும் சரியாக இருந்தால் போதும். கிளப் காற்றில் சுழலவும் வேண்டும், சுழன்று கைப்பிடிப் பக்கமே கைக்கு வரவும் வேண்டும். ஏழு கிளப்பை ஒரு நாள் வேலை மாதிரி மேடையில் போட்டவர் இவர். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. சிலருக்கு அது பிடிக்காது, இயந்திரம் மாதிரி என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றும். அவ்வளவு வேகத்திலும் ஒவ்வோர் எறியும் தனித்தனியாகத் தெரிகிறது. என் மகள் மிருதங்கம் கற்கிறாள். அவளுடைய வாத்தியார் சொல் சுத்தம் என்று ஒன்றைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருப்பார். கேட்டோவிடம் இருப்பது அதுதான். பிறகு மேடையை விட்டுவிட்டு, புளோரிடாவில் கான்கிரீட் தரை வேலை எடுத்துச் செய்யப் போய்விட்டார். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

பிரிட்டனின் அலெக்ஸ் பாரன் வேறு ரகம். 2012இல் லண்டனில் ஒரு ஸ்குவாஷ் விளையாட்டு மன்றத்தில் 11 பந்து போட்டு 23 பிடி பிடித்தார். 23 ஏன் பெரிது என்றால், ஒவ்வொரு பந்தையும் ஒரு தடவை எறிந்து பிடித்தால் அது ஃபிளாஷ், வெறும் பதினொன்று. ஒவ்வொன்றும் இரண்டு தடவை வந்தால்தான் உண்மையில் ஆடியதாகக் கணக்கு, அது 22. அதற்கும் மேல் ஒன்று. என் கையின் நிதானத்தில் 11 பந்துக்கு ஏழு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். அவர் கை அதைவிட எவ்வளவோ வேகம், இருந்தாலும் வீட்டு ஹாலில் நடக்கிற காரியம் அல்ல. கேட்டோவா பாரனா என்று கேட்டால், நூறு மீட்டர் ஓட்டக்காரரா நாலு மணி நேரக் கச்சேரி செய்பவரா என்று கேட்கிற மாதிரி. நான் டிக்கெட் எடுப்பது கச்சேரிக்கு.

வீட்டு ஹால் என்றதும் ஞாபகம் வருகிறது. ரஷ்யப் பந்தின் முடிவும் அங்கேதான். ஐந்து பந்துக்குக் கையிலிருந்து 1.1 மீட்டர் என்றேன். என் கை தரையிலிருந்து ஒரு மீட்டர். ஹாலில் ஃபேன் தொங்குவது எட்டடியில். உற்சாகத்தில் கொஞ்சம் கூடப் போனால் ரெக்கைதான். "அப்பா, ஃபேனை நிறுத்திட்டுப் போடுங்க" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் ஒன்று அடிபட்டு, கூடு பிளந்து, ஹால் முழுக்க உப்பு மழை. வீட்டுக்குள் உப்பு சிந்தினால் ஆகாது என்று அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. மிச்சம் நாலு. ஐப்பசி அடைமழையில் அந்த நாலிலும் உப்பு ஈரம் பூத்துக் கட்டியாகிவிட்டது. கட்டியானால் உள்ளே சரியாது. சரியாவிட்டால் அது ரஷ்யப் பந்தே அல்ல, கிலுகிலுப்பை. பக்கத்திலேயே தூத்துக்குடியை வைத்துக்கொண்டு உப்பைக் குறை சொல்வது நியாயமில்லைதான், ஆனால் நம் ஈரத்துக்குக் காய்ந்த ஆற்றுமணலே தேவலை. பந்துக்கு ஒன்பது மதிப்பெண். மழைக்காலத்தில் ஆறு. நம் ஊர்க் கடைகளில் இந்த வகையை நான் எங்கும் பார்க்கவில்லை.

இடையில் ஒரு சங்கதி. ஐந்து பந்துக்குப் போக வழி இல்லாதவர்கள் மூன்று பந்திலேயே ஆயுசு முழுக்க விளையாடலாம். இதற்கென்று சைட்ஸ்வாப் என்று ஓர் எண்கணக்கு இருக்கிறது. எறியின் உயரத்துக்கு ஒரு எண், அதாவது அந்தப் பந்து எத்தனை தட்டு கழித்து மறுபடி எறியப்படும் என்பது. 531 என்றால் ஓர் உயரமான எறி, ஒரு சாதா எறி, கையிலிருந்து கைக்கு நேராக ஒன்று. கூட்டினால் 9, மூன்றால் வகுத்தால் 3, ஆகவே மூன்று பந்து. மகளிடம் காட்டினேன். "இது கோர்வைதானே" என்று தொடையில் தட்டிப் பார்த்தாள். பிறகு அவளாகவே 543 என்று ஒன்று எழுதினாள். சராசரி 4, முழு எண்தான். ஆனால் போட முடியாது: முதல் தட்டில் கிளம்பிய 5, அடுத்த தட்டில் கிளம்பிய 4, அதற்கடுத்த 3 மூன்றும் ஒரே தட்டில், ஒரே கையில் வந்து விழும். அரைமணி நேரம் யோசித்து அவளே கண்டுபிடித்தாள். அன்றைக்கு எனக்கு ஐந்து பந்து வந்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

சரி, நாலாவது செட். வெளிநாட்டில் நல்ல பீன்பேக்குக்குள் பறவைத் தீனிச் சிறுதானியம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், நம்மிடம் இல்லாத சிறுதானியமா என்று தோன்றியது. முதலில் கேழ்வரகு. ரொம்பப் பொடி, தையலில் கசிந்தது. அப்புறம் கம்பு. ஒரு பந்துக்கு 120 கிராம், தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். நாலு துண்டுத் துணி, வளைவாக வெட்டி, உள்பக்கம் இரட்டைத் தையல். கூலி பந்துக்கு 40 ரூபாய். துணி அவருடைய மிச்சத்துண்டு, இலவசம். கம்பு விலையைச் சேர்த்தாலும் ஐந்து பந்து 250 ரூபாய்க்குள் முடிந்தது. கையில் பட்டால் உறுத்தாது, விழுந்தால் ஓடாது. எடை ஐந்தும் ஒன்று, ஏனென்றால் நிறுத்தது நான். அந்த 31 பிடி இதில்தான் வந்தது.

இதற்கு முன்னால் தைத்த செட்டில் இரண்டை எலி கடித்துவிட்டது. ஒன்றில் வண்டு வந்துவிட்டது. எறிந்தால் உள்ளேயிருந்து லேசாக மாவு கொட்டியது. ஆகவே செய்ய நினைப்பவர்கள் கம்பை வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி, நன்றாக ஆறவிட்டுப் பிறகு நிரப்புங்கள். வறுபட்டுவிடக் கூடாது. ராத்திரி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அண்ணாச்சி இந்த முறை ஆறாவதாக ஒன்றும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். அவருக்கே முழங்கால் வலியாம், ஒத்தடத்துக்கு வைத்துக்கொண்டார்.